நடக்கக் கற்றுக்கொண்ட குடிசை

காட்டின் நடுவே, கோழிக்கால்களின் மேல் நிற்கும் ஒரு மரக்குடிசை. உள்ளே பாபா யாகா என்ற சூனியக்கிழவி. வெளியே கிளம்பினால் உரலில் ஏறி உட்கார்ந்து, உலக்கையால் உந்தி, துடைப்பத்தால் தன் தடத்தை அழித்தபடி போவாள். ருஷ்யக் கதைப் புத்தகம் ஒன்றையாவது புரட்டியவர்களுக்கு இந்தக் குடிசை பழக்கமானதுதான். இன்றைய பிள்ளைகள் அதைக் கார்ட்டூனிலும் கணினி விளையாட்டிலும் பார்க்கிறார்கள். அங்கே குடிசை எழுந்து நடக்கிறது, ஓடுகிறது, சில நேரம் கூத்தாடவும் செய்கிறது.

ருஷ்யக் கிராமங்களில் கதை சொன்னவர்களின் குடிசை அப்படிப்பட்டதல்ல. பெரும்பாலான பழங்கதைகளில் அது ஓர் அடிகூட எடுத்து வைப்பதில்லை. வருகிறவன் அதன் முன் நின்று, முதுகைக் காட்டுக்கும் முகத்தை எனக்கும் திருப்பு என்று கட்டளையிடுவான். அது நின்ற இடத்திலேயே சுழன்று வாசலைக் காட்டும், அவ்வளவுதான். நடை பிற்பாடு வந்தது. எங்கே, எப்போது, யாரால் வந்தது என்று தேடிப் போனால் ஒரு தேவாலயம், ஒரு கடிகாரம், பணநோட்டு அச்சகம், லண்டன் நூலகர் ஒருவர், மனைவியைப் பிரிந்து ஓடிவந்த எழுத்தாளர் ஒருவர் என்று கதை நீள்கிறது.

முதலில் அந்தச் சொற்றொடர். ருஷ்ய மொழியில் அது ‘இஸ்பூஷ்கா நா கூரிஹ் நோஷ்கஹ்’. மரக்கட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கட்டிய குடியானவர் வீட்டுக்கு இஸ்பா என்று பெயர். அதைச் செல்லமாகச் சொன்னால் இஸ்பூஷ்கா. நகா என்றால் கால். அதைச் செல்லமாக்கினால் நோஷ்கா. குழந்தையின் பிஞ்சுக் காலும் நோஷ்காதான். மேசைக்கால், நாற்காலிக்கால், காளானின் தண்டு எல்லாமும் நோஷ்காதான். ஆக, ருஷ்யக் காதுக்கு இந்தக் குடிசை காலால் நடக்கிற ஒன்று என்பதைவிட, காலின் மேல் நிற்கிற ஒன்றாகத்தான் முதலில் கேட்டிருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

கோழிக்கால் என்ற அடைமொழி கதைக்குள் மட்டும் இருந்ததல்ல. மாஸ்கோவில் மல்ச்சானவ்கா தெருவில் கோழிக்கால் மேல் நின்ற புனித நிகோலாஸ் தேவாலயம் என்றே ஒரு கோயில் இருந்தது. பக்கத்தில் ஜாரின் கோழிப்பண்ணை இருந்ததால் வந்த பெயர் என்பது ஒரு விளக்கம். ஈரமண்ணில் அடிமரக் கட்டைகளை ஊன்றி அவற்றின் மேல் கட்டியதால் வந்தது என்பது இன்னொன்று. 1930களில் அதை இடித்துவிட்டார்கள். அதே வட்டாரத்தில், சின்ன மல்ச்சானவ்கா தெருவில், கவிஞர் லெர்மன்தவ் இளம்வயதில் குடியிருந்த வீடு மட்டும் இன்று அருங்காட்சியகமாக நிற்கிறது.

அடிமரக் கட்டை விளக்கத்தை எளிதில் தள்ளிவிட முடியாது. வடக்கே பனிக்காடுகளில் வேட்டைக்காரர்கள் இறைச்சியையும் தானியத்தையும் கரடியிடமிருந்து காப்பாற்ற, உயரமாக வெட்டிவிட்ட மரத்தின் மேல் சிறு அறை கட்டுவார்கள். ஸ்காண்டிநேவிய வடக்கில் வாழும் சாமி மக்களிடமும் இந்த வழக்கம் உண்டு. மண்ணுக்கு வெளியே பிதுங்கிய வேர்களோடு அப்படி ஒரு கட்டையைப் பார்த்தால், விரல் விரித்து ஊன்றிய கோழிக்கால் நினைவுக்கு வராமல் போகாது. இறந்தவர்களை இப்படித் தூண் மேல் நின்ற சிறு மரவீடுகளில் வைத்த பழைய வழக்கத்தின் நிழல்தான் இந்தக் குடிசை என்று கருதியவர்களும் உண்டு. ஓவியர் நிகோலாய் ரோரிக் 1905இல் ‘மரண வீடு’ என்றே ஒரு படம் வரைந்தார். பிற்காலத்தில் இமயமலையில் குல்லு பள்ளத்தாக்கில் குடியேறினாரே, அதே ரோரிக்தான்.

எழுத்தில் பாபா யாகா முதலில் தலைகாட்டுவது 1755இல், அதுவும் ஓர் இலக்கண நூலில். அறிவியலாளரும் கவிஞருமான மிகயீல் லமனோசவ் எழுதிய ருஷ்ய இலக்கணம் அது. பழைய ஸ்லாவியத் தெய்வங்களை ரோமத் தெய்வங்களோடு ஜோடி சேர்த்துப் பட்டியலிடுகிறார் அவர். இடிக்கடவுளுக்கு ஜூபிடர் கிடைக்கிறார். பாபா யாகாவுக்கோ ஜோடி கிடைக்கவில்லை. ஆரம்பத்திலிருந்தே ஒப்பிட ஆளில்லாத கிழவி.

குடிசையை ருஷ்யக் குழந்தைகளின் மனப்பாடத்தில் ஏற்றியவர் கவிஞர் புஷ்கின். 1824இல் அவரைத் தாயின் எஸ்டேட்டான மிகாய்லவ்ஸ்கயேவுக்கு அரசு ஒதுக்கி அனுப்பியது. குளிர்காலத்தில் பேச்சுத்துணைக்கு இருந்தவள் சிறுவயதில் அவரை வளர்த்த ஆயா அரீனா ரதியோனவ்னா. அவள் சொன்ன கதைகளிலிருந்து எழுந்த முகப்புப் பாடல் ஒன்றை, 1820இலேயே வெளிவந்திருந்த ‘ருஸ்லானும் லுத்மீலாவும்’ காவியத்தின் 1828 பதிப்பில் சேர்த்தார். அதில் கோழிக்கால் குடிசை வருகிறது. சன்னலும் இல்லை, கதவும் இல்லை என்கிறார் புஷ்கின். அங்கேயும் அது நிற்கத்தான் செய்கிறது.

அதற்குப் பின்னர் கதைகளைத் தொகுத்த அலெக்சாந்தர் அஃபனாஸ்யெவ் கிராமம் கிராமமாக அலைந்தவர் அல்லர். மாஸ்கோவில் வெளியுறவு அமைச்சகத்தின் ஆவணக் காப்பகத்தில் வேலை பார்த்த சட்டம் படித்தவர். நேரில் கேட்டு எழுதிய கதைகள் மிகச் சில. மற்றவை ருஷ்யப் புவியியல் கழகத்தின் பெட்டிகளிலிருந்தும், அகராதித் தொகுப்பாளர் விளதீமிர் தாலிடமிருந்தும் வந்தவை. தால் மருத்துவரும்கூட, 1837இல் துப்பாக்கிச் சண்டையில் குண்டடிபட்ட புஷ்கினின் சாவுப்படுக்கையருகே இருந்தவர். 1855 முதல் 1863 வரை எட்டுப் பகுதிகளாகச் சுமார் 600 கதைகளை அஃபனாஸ்யெவ் வெளியிட்டார். 1862இல், லண்டனிலிருந்து ரகசியமாக வந்த அரசியல் அகதி ஒருவரோடு தொடர்பு வைத்திருந்தார் என்று வேலையிலிருந்து நீக்கினார்கள். சேர்த்து வைத்த நூலகத்தை விற்றுப் பிழைத்தார். 1871இல் காசநோயில் இறந்தபோது அவருக்கு வயது 45. ருஷ்யக் குழந்தை இலக்கியத்தின் அடித்தளமே அவர் போட்டதுதான். அவருக்கு நேர்ந்ததை நினைத்தால் மனம் கனக்கிறது.

அந்தத் தொகுப்பில் கோழிக்கால் என்பது வருணனை அல்ல, வாய்பாடு. கதை சொல்பவர் காட்டுக்குள் நாயகனை அனுப்பியதும் அது தானாக வாயில் வரும், கேட்பவரும் ஏன் எதற்கு என்று கேட்கமாட்டார். கதை நெடுக இப்படிப்பட்ட ஒட்டுச்சொற்கள்தான். கடல் என்றால் நீலக்கடல், ஓநாய் என்றால் சாம்பல்நிற ஓநாய், பூமி என்றால் ஈரமான தாய் பூமி. தொலைதூர நாடு என்றால் மூவொன்பதாம் நாடு. நாம் ஏழு கடல் ஏழு மலை தாண்டி என்கிறோமே, அந்தத் தூரம். அழகான பெண் ‘சிவப்புப் பெண்’. பழைய ருஷ்ய மொழியில் சிவப்பும் அழகும் ஒரே சொல். செம்மை என்ற சொல்லில் நிறத்தையும் சிறப்பையும் சேர்த்தே வைத்திருக்கிற நமக்கு இது சட்டென்று விளங்கும். ஆங்கிலக் குழந்தையோ அந்தப் பெண்ணுக்கு வெயில் பட்டுவிட்டதா என்று கேட்கும்.

இந்தச் சிக்கலில் முதலில் இறங்கியவர்களில் ஒருவர் வில்லியம் ரால்ஸ்டன். 1853இலிருந்து பிரிட்டிஷ் மியூசியம் நூலகத்தில் ஊழியர். அங்கே ருஷ்யப் புத்தகங்களைக் கையாள ஆள் போதவில்லை என்று ருஷ்ய மொழி கற்கத் தொடங்கி, அகராதியின் பக்கங்களையே மனப்பாடம் செய்தாராம். ருஷ்ய நாவலாசிரியர் துர்கேனவின் நண்பரானார். 1873இல் ‘ருஷ்ய நாட்டுப்புறக் கதைகள்’ என்ற அவரது நூல் வந்தது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் இறந்திருந்த அஃபனாஸ்யெவின் நினைவுக்குத்தான் அதைக் காணிக்கையாக்கினார். சொந்த ஊரில் வேலை போன மனிதருக்கு லண்டனில் கிடைத்த மரியாதை அது.

ரால்ஸ்டன் சொல்லுக்குச் சொல் உண்மையாக இருக்க முயன்றவர். பாபா யாகாவுக்கு ருஷ்யக் கதைகளில் ‘கஸ்த்யானயா நகா’ என்ற பட்டம் உண்டு, எலும்புக்காலி. யாகா, நகா என்று எதுகை விழுவதால்தான் அந்தப் பட்டம் நாவில் ஒட்டியது. ரால்ஸ்டன் அதை ‘போனி ஷாங்க்ஸ்’ என்றார். எதுகை போயிற்று, ஆனால் ஊர்ப்புறத்தில் ஒல்லிக் கிழவியைக் கேலி செய்கிற தொனி கிடைத்தது. அவருடைய மொழிபெயர்ப்பில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. குடிசை விஷயத்தில் அப்படி அதிர்ஷ்டம் வாய்க்கவில்லை ஆங்கிலத்துக்கு. காட்டேஜ் என்றால் வேலியோரம் ரோஜா பூத்த வீடு கண்முன் வரும். கேபின் என்றால் அமெரிக்கக் குடியேறிகளின் கட்டைவீடு. ஹட் என்றால் ஏழ்மை மட்டும் மிஞ்சும். இஸ்பூஷ்காவின் செல்லம் எதிலும் ஏறவில்லை. கோழியும் மொழிபெயர்ப்பாளருக்கு ஒன்றாக ஃபௌல், ஹென், சிக்கன் என்று உருமாறியது. செல்லம் உதிர்ந்த பிறகு மிஞ்சியது கால். நிஜமான, நகமுள்ள, பறவைக் கால்.

இதே சமயம் ருஷ்யாவிலேயே குடிசை மெல்ல அசையத் தொடங்கியிருந்தது, அதுவும் ஒரு சாவினால். கட்டடக் கலைஞர் விக்தர் ஹார்ட்மன் 1873இல் 39 வயதில் இறந்துபோனார். மறு ஆண்டு பீட்டர்ஸ்பர்க்கில் நண்பர்கள் அவருடைய படங்களைக் காட்சிக்கு வைத்தார்கள். அவற்றில் ஒன்று கோழிக்கால் குடிசை வடிவில் அமைந்த கடிகாரத்துக்கான வரைபடம். மேசையில் வைக்கிற பொருள், எங்கும் போகாது. அதைப் பார்த்த இசையமைப்பாளர் முஸோர்க்ஸ்கி அந்த ஜூன் மாதத்தில் சில வாரங்களுக்குள் ‘கண்காட்சியில் படங்கள்’ என்ற பியானோத் தொகுதியை எழுதி முடித்தார். அதில் கடைசிக்கு முந்தைய பகுதி ‘கோழிக்கால் குடிசை’. கடிகாரத்தில் இல்லாத ஒன்றை அவர் சேர்த்தார்: உரலில் ஏறிப் பறக்கும் கிழவியின் வேகம். இசையைக் கேட்கிறவருக்குப் பறப்பது கிழவியா குடிசையா என்று பிரித்தறிய வழியில்லை. தலைப்பு குடிசையின் பெயரில் இருக்கிறது, தாளமோ நான்குகால் பாய்ச்சலில் போகிறது. அவர் உயிரோடிருந்தவரை அது அச்சேறவில்லை, 1886இல்தான் வெளிவந்தது. 1922இல் பிரெஞ்சு இசையமைப்பாளர் ரவேல் அதை முழு வாத்தியக் குழுவுக்கு மாற்றி எழுத, உலகம் முழுக்கக் கச்சேரி மேடைகளில் குடிசை ஓடத் தொடங்கியது. 1971இல் எமர்சன், லேக் அண்ட் பால்மர் என்ற பிரிட்டிஷ் ராக் குழு மின்வாத்தியங்களோடு நியூகாசில் அரங்கில் அதை வாசித்துப் பதிவும் செய்தது.

மாஸ்கோவுக்கு வெளியே அப்ரம்த்செவோ எஸ்டேட்டில் 1883இல் ஓவியர் விக்தர் வஸ்நெட்சோவ் நிஜமாகவே ஒரு கோழிக்கால் குடிசையைக் கட்டினார். ரயில்வே முதலாளி சாவா மாமன்தவின் குழந்தைகள் விளையாடுவதற்காக. இன்றும் போய்ப் பார்க்கலாம்.

புத்தகப் படங்களின் கதை வேறு. 1901 முதல் 1903 வரை இவான் பிலீபின் வரைந்த கதைப் புத்தகங்களை அச்சிட்டது அரசின் பணநோட்டு அச்சகம். கள்ளநோட்டுக்காரர்களை வெல்ல வைத்திருந்த நுட்பம் குழந்தைகளின் கைக்கு வந்தது! கனத்த கருப்புக் கோடு, தட்டையான வண்ணம், ஜப்பானிய மரச்செதுக்குப் படங்களின் சாயல். பீட்டர்ஸ்பர்க்கில் பணியாற்றிய அமெரிக்கத் தூதரக அதிகாரி போஸ்ட் வீலர் 1912இல் தமது ஆங்கிலக் கதைத் தொகுப்புக்கு இந்தப் படங்களையே எடுத்துக்கொண்டார். பிலீபின் புரட்சிக்குப் பின் எகிப்து, பாரிஸ் என்று சுற்றி 1936இல் ஊர் திரும்பினார். 1942 பிப்ரவரியில், முற்றுகையிடப்பட்ட லெனின்கிராடின் பட்டினிக் குளிர்காலத்தில் இறந்தார்.

இந்த நெடும்பயணத்தில் நடையைக் கொண்டுவந்தவர் என்று ஒருவரைச் சுட்டச் சொன்னால் ஆங்கில எழுத்தாளர் ஆர்தர் ரான்சமைச் சுட்டுவேன். லண்டன் நூலகத்தில் ரால்ஸ்டனின் பழைய புத்தகம் அவர் கையில் கிடைத்தது. கதைகள் அவரை இழுத்தன, சொன்ன விதம் திருப்தி தரவில்லை. 1913இல், கசந்துபோன மணவாழ்விலிருந்து தப்பவும் சேர்த்து, ருஷ்யாவுக்குக் கிளம்பிவிட்டார். குழந்தைகளின் பாலபாட நூல்களை வாங்கி வைத்துக்கொண்டு மொழி கற்றார். நேரடியாக மொழிபெயர்த்துப் பார்த்தார், சரிவரவில்லை. காரணத்தையும் கண்டுபிடித்தார்: கதை சொல்லும் குடியானவருக்கும் கேட்கும் குடியானவருக்கும் பொதுவாகத் தெரிந்தவை ஏராளம், அதனால் அவர் மூன்று சொல்லில் தாண்டிப் போய்விடலாம். ஆங்கிலக் குழந்தைக்கு அந்தப் பொது அறிவு கிடையாது.

ஆகவே அவர் ஒரு தாத்தாவைப் படைத்தார். காட்டோரக் குடிசையில் கிழவர் பீட்டர், வான்யா, மருஸ்யா என்ற பேரப்பிள்ளைகளுக்குக் கதை சொல்கிறார். வாசகக் குழந்தைக்கு விளங்காததை அந்தப் பிள்ளைகள் கேட்டுவிடுவார்கள், தாத்தா விளக்கிவிடுவார். அடிக்குறிப்பு தேவையில்லை. 1916இல் ‘கிழவர் பீட்டரின் ருஷ்யக் கதைகள்’ வெளிவந்தது. பாபா யாகாவின் வீட்டை அறிமுகம் செய்யும் இடத்தில், அது சில நேரம் இந்தப் பக்கம் பார்க்கும், சில நேரம் அந்தப் பக்கம் பார்க்கும், சில நேரம் மிகுந்த கம்பீரத்தோடு உலாவவும் செய்யும் என்று எழுதுகிறார் ரான்சம். கால் இருக்கிறதே, நடக்காதா என்று கேட்கப்போகும் குழந்தைக்கு முன்கூட்டியே சொல்லிவிட்ட பதில் அது. இதைப் பிழை என்று சொல்ல எனக்கு மனம் வராது. சொற்றொடரை அதன் ஊரிலிருந்து பிடுங்கி வேறு மண்ணில் நட்டபோது, வேர்விட அவர் கொடுத்த தண்ணீர் அது. ரான்சம் போர்ச் செய்தியாளராகவும் இருந்தார், பிறகு ட்ராட்ஸ்கியின் செயலாளர் எவ்கேனியாவை மணந்தார், 1930இல் ‘ஸ்வாலோஸ் அண்ட் அமேசான்ஸ்’ எழுதி ஆங்கிலக் குழந்தைகளின் அபிமான எழுத்தாளரானார்.

ருஷ்யாவில் குடிசைக்கே இடமிருக்குமா என்ற நிலை ஒரு கட்டத்தில் வந்தது. மந்திரமும் சூனியமும் புதிய சமுதாயத்துக் குழந்தைக்கு ஆகாது என்று 1920களில் கல்வியாளர்கள் வாதிட்டார்கள். 1928இல் லெனினின் துணைவி க்ருப்ஸ்கயா ‘பிராவ்தா’ நாளிதழில் சுகோவ்ஸ்கியின் முதலைக் கதைப்பாடலைக் கடுமையாகத் தாக்கினார். எழுத்தாளர் கார்க்கி அதை எதிர்த்து எழுதினார். 1930களில் காற்று திரும்பியது. 1939இல் இயக்குநர் அலெக்சாந்தர் ரோவின் ‘அழகி வசிலீசா’ படத்தில் பாபா யாகாவாக நடித்தவர் கியோர்கி மில்யார் என்ற ஆண். 1964இல் வந்த ‘மரோஸ்கா’விலும் அவர்தான். அதில் நாயகன் ஒரு பக்கம் திரும்பு என்பான், கிழவி மறுபக்கம் திரும்பு என்பாள், குடிசை பாடுபடும். செக் நாட்டவர் அந்தப் படத்தை இன்றும் புத்தாண்டுக் காலத்தில் தொலைக்காட்சியில் தவறாமல் பார்க்கிறார்கள்.

மாஸ்கோவின் முன்னேற்றப் பதிப்பகமும் ராதுகாவும் அச்சிட்ட வழவழப்பான குழந்தைப் புத்தகங்கள் நியூ செஞ்சுரி புத்தக நிலையம் வழியாக மலிவு விலையில் தமிழ் வீடுகளுக்கும் வந்தன. அதற்குமுன் ருஷ்ய இலக்கியம் நமக்குப் பெரும்பாலும் ஆங்கிலம் வழியாக வந்தது, தொ.மு.சி. ரகுநாதன் மொழிபெயர்த்த கார்க்கியின் ‘தாய்’ அப்படித்தான். பூ. சோமசுந்தரம், ரா. கிருஷ்ணையா போன்றவர்கள் மாஸ்கோவிலேயே இருந்து மொழிபெயர்த்தார்கள். உரல், உலக்கை, துடைப்பம் மூன்றுக்கும் வீட்டிலேயே சொல்லும் பொருளும் வைத்திருந்த மொழிக்கு பாபா யாகா அதிகம் அந்நியமாக இல்லை.

அமெரிக்காவில் 1945இல் நார்பர்ட் குட்டர்மன் மொழிபெயர்த்த அஃபனாஸ்யெவ் கதைகளின் பெருந்தொகுப்பை நியூயார்க்கின் பாந்தியன் வெளியிட்டது. ஹிட்லரிடமிருந்து தப்பிய கர்ட் வுல்ஃப் தொடங்கிய பதிப்பகம் அது. ஜெர்மனியில் காஃப்காவைப் பதிப்பித்தவர் அவர். படம் வரைந்த அலெக்சாந்தர் அலெக்சேயெவ் 1933இலேயே முஸோர்க்ஸ்கியின் இசைக்கு ஒரு அசைபடம் எடுத்திருந்தார். மறு ஆண்டு, 1946இல், லெனின்கிராடில் விளதீமிர் ப்ராப்பின் ஆய்வுநூல் வந்தது. குடிசை என்பது உயிருள்ளோர் உலகுக்கும் இறந்தோர் உலகுக்கும் இடையிலான காவல்வாசல் என்றார் அவர். அதைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போக முடியாது. அதனால்தான் திரும்பச் சொல்லிக் கட்டளையிட வேண்டியிருக்கிறது. வாசல் நகரக் கூடாது என்பதில் ஒரு நியாயம் இருந்தது, பாருங்கள்.

அதன்பின் நகலெடுப்பவர்களின் காலம். 1976இல் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாட்டு, பாபா யாகாவின் குடிசையைத் தன் மந்திரப் பொருள் பட்டியலில் சேர்த்தது. 1984இல் ‘டிராகன்’ இதழில் வந்த சாகசத்தின் தலைப்பே ‘ஆடும் குடிசை’. 1992இல் கிளாரிஸா பிங்கோலா எஸ்டெஸின் விற்பனைச் சாதனை நூல் ஒன்று வசிலீசாவின் கதையை மறுபடி சொன்னது. அதில் செதில் படர்ந்த மஞ்சள் கோழிக்கால்களில் வீடு தானாக நடக்கிறது, பரவசம் வந்த ஆட்டக்காரியைப் போலச் சுழல்கிறது. அஃபனாஸ்யெவின் வசிலீசாவைத் திறந்து பாருங்கள். மனித எலும்பு வேலி உண்டு, கண்ணுள்ள மண்டையோடுகள் உண்டு, பூட்டுக்குப் பதிலாகக் கூர்பல் வாய் உண்டு. கோழிக்கால் கிடையாது! மற்ற கதைகளிலிருந்து அது இங்கே வந்து ஒட்டிக்கொண்டது. இன்று ஆங்கிலத்தில் வசிலீசா கதையை வரையும் ஓவியர் எவரும் அதை விடுவதாகத் தெரியவில்லை.

2018இல் சோஃபி ஆண்டர்சன் எழுதிய ‘கோழிக்கால் வீடு’ நாவல் சொற்றொடரையே தலைப்பாக்கிக்கொண்டது. மறு ஆண்டு கார்னெகி பதக்கத்துக்கான இறுதிப் பட்டியலிலும் இடம்பெற்றது. மரிங்கா என்ற சிறுமியின் பாட்டி ஒரு யாகா. இறந்தவர்களுக்கு விருந்து வைத்து, வீட்டுக்குள் இருக்கும் வாசல் வழியாக அனுப்பிவைப்பது பாட்டியின் வேலை. ப்ராப் சொன்ன காவல்வாசல் கதைக்குள் திரும்பி வந்துவிட்டது. ஆனால் வீடு ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை நள்ளிரவில் சொல்லாமல் எழுந்து வேறு தேசத்துக்கு நடந்துவிடும். பழைய கதைகளில் நாயகன் இரும்புக் காலணி தேய நடந்து வருவான், குடிசை அவனுக்காக ஒரே இடத்தில் நிற்கும். இங்கே ஓரிடத்தில் தங்கி, பள்ளிக்குப் போய், தோழி ஒருத்தியைப் பிடிக்க வேண்டும் என்று கெஞ்சுகிறவள் மரிங்கா. வீடு கேட்பதில்லை.